சேன் மாலோ மதில்களின்மேல்

பிரான்ஸ் தேசத்தின் வடமேற்கு ஓரத்தில், ரான்ஸ் என்னும் சிற்றாறு ஆங்கிலக் கால்வாயில் கலக்கும் முகத்துவாரத்தில், முன்னொரு காலத்தில் தீவாயிருந்து பின்னர் மணல்திட்டாலும் மனிதர் எழுப்பிய கரையாலும் நிலத்தோடு பிணைக்கப்பட்ட ஒரு பாறையின்மீது, நாற்புறமும் கருங்கல் மதில் சூழ நிற்கிறது சேன் மாலோ என்னும் துறைமுக நகரம். ரேன் நகரத்தில் ரயிலேறினால் ஒரு மணி நேரத்துக்குள் வந்துவிடலாம். நிலையத்தை விட்டு வெளிவந்து சிறிது தூரம் நடந்ததுமே மதிலும், மதிலுக்குமேல் வரிசையாக எழும் சரிந்த கூரைகளும், ஆலயத்தின் ஊசிக்கோபுரமும் ஒன்றாகக் கண்ணில் படுகின்றன.

நான் போய்ச் சேர்ந்த வேளையில் கடல் வற்றியிருந்தது. இந்தக் கடற்கரையில் வற்றத்துக்கும் பெருக்கத்துக்கும் உள்ள வித்தியாசம் பெருக்கு மிகுந்த நாட்களில் 12 மீட்டரையும் தாண்டுகிறது. நம் கிழக்குக் கரையில் நீர் ஏறுவதையும் இறங்குவதையும் முழங்கால் அளவில் பார்த்துப் பழகியவனுக்கு, காலையில் கப்பல் மிதந்த இடத்தில் மாலையில் குழந்தைகள் மணல்வீடு கட்டுவதைக் காணும்போது முதலில் நம்பிக்கையே வருவதில்லை. மதிலுக்குக் கிழக்கே நீளும் மணற்கரை நெடுக, அலையின் வேகத்தை உடைப்பதற்காக ஓக் மரத்தின் முழு அடிமரங்களை ஆயிரக்கணக்கில் ஊன்றியிருக்கிறார்கள். கிட்டப் போய்ப் பார்த்தேன். அடியில் வழுக்கும் பச்சைப் பாசி, அதற்குமேல் கை பட்டால் கீறும் கொட்டலசு, அதற்கும் மேலே உப்பும் வெயிலும் அரித்து நரம்பு நரம்பாகப் பிளந்த மரம். கடல் எதுவரை ஏறும் என்பதை ஒவ்வொரு தூணும் தன் உடம்பிலேயே எழுதி வைத்திருந்தது. பாறைகள் மறைந்து கிடக்கும் இந்த நீரில், இந்த வேகத்தில் ஏறி இறங்கும் கடலில், இருட்டிலும் துறை பிடிக்கக் கற்ற மாலுமிகள் உலகத்தின் எந்தக் கடலுக்கும் அஞ்சாதவர்களாக வளர்ந்ததில் ஆச்சரியமில்லை.

இன்று நாம் காணும் ஊர் அப்படியே பழைய ஊர் அன்று. 1944ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம், ஜெர்மானியர் உள்ளே இருக்க அமெரிக்கர் வெளியே நின்று நடத்திய முற்றுகையிலும், அதைத் தொடர்ந்து பரவிய தீயிலும், மதிலுக்குள் இருந்த வீடுகளில் ஏறக்குறைய ஐந்தில் நான்கு பங்கு அழிந்துபோயிற்று. மதில் தப்பியது. ஊரார் இடிந்த கற்களைப் பொறுக்கி அடுக்கி, தங்கள் முன்னோர் வாழ்ந்த உருவத்திலேயே நகரத்தை மறுபடியும் எழுப்பினார்கள். தாங்கள் யார் என்பதை மறக்கக்கூடாது என்னும் வைராக்கியம் இல்லாவிட்டால் ஒரு ஊர் இத்தனை சிரமத்தை மேற்கொள்ளாது.

அவர்கள் மறக்க விரும்பாத அந்தப் பழமை எத்தகையது என்பதே என்னை இங்கே இழுத்து வந்த விஷயம். பதினேழாம், பதினெட்டாம் நூற்றாண்டுகளில் இந்த ஊரின் வர்த்தகர்கள், யுத்தம் மூண்டவுடன் தங்கள் சொந்தப் பணத்தில் கப்பல்களுக்குப் பீரங்கி பூட்டி, அரசனுடைய அதிகாரப் பத்திரத்தைப் பெற்று, பகைநாட்டு வர்த்தகக் கப்பல்களைப் பிடித்துக் கொண்டுவரும் தொழிலை நடத்தினார்கள். அப்படிப்பட்ட கப்பலுக்கும் அதன் தலைவனுக்கும் கொர்சேர் என்று பெயர். ஆங்கிலேயர்கள் இந்த ஊரைக் குளவிக்கூடு என்று சபித்தார்கள். 1693ஆம் ஆண்டு நவம்பரில், ஒரு கப்பல் நிறைய வெடிமருந்தையும் இரும்புத் துண்டுகளையும் நிரப்பி, அதை மதிலோடு மோதவிட்டு ஊரையே தகர்த்துவிடப் பார்த்தார்கள். கப்பல் மதிலை எட்டுமுன் பாறையில் தட்டி வெடித்தது. ஓடுகள் பறந்தன, ஜன்னல் கண்ணாடிகள் நொறுங்கின, ஊர் பிழைத்தது.

மதிலின்மேல் ஏறி ஊரை முழுதாகச் சுற்றி வர இயலும். ஒரு பக்கம் கடலும் தீவுகளும், மறு பக்கம் கைநீட்டினால் தொடுமளவில் மூன்றாவது மாடி ஜன்னல்கள். மேற்கு முனையில் ஒல்லாந்துக் கொத்தளம் என்று ஒன்று இருக்கிறது. அதன் அடியில்தான் ஊரின் காவல் நாய்களை அடைத்து வைத்திருந்தார்களாம். கடல் வற்றும்போது சரக்கேற்றிய கப்பல்கள் மதிலுக்கு வெளியே மணலில் சாய்ந்து கிடக்குமாதலால், இரவில் அவற்றைக் காக்க வேட்டைநாய்களை அவிழ்த்துவிடுவது பல நூற்றாண்டு வழக்கம். 1770இல் அந்நாய்கள் இளம் கடற்படை அதிகாரி ஒருவரைக் கடித்துக் கொன்றுவிட, அந்த வழக்கத்துக்கு முடிவு கட்டினார்கள். பிறர் சொத்தைக் கடலில் பிடித்துவந்த ஊர், தன் சொத்தைக் கரையில் எவ்வளவு கண்டிப்பாகக் காத்தது என்பதை எண்ணிக்கொண்டே அந்தக் கொத்தளத்தில் வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன்.

இந்தத் தொழிலை வெறும் கொள்ளை என்று ஒரே வார்த்தையில் தள்ளிவிட இயலாதபடி அதைச் சுற்றிச் சட்டம் வேலி போட்டிருந்தது. பதினான்காம் லூயியின் மந்திரி கொல்பேர் 1681இல் வெளியிட்ட கடற்சட்டத்தில் இதற்கென்று தனியாக ஒரு பகுதியே உண்டு. கப்பலை ஆயத்தம் செய்கிறவன் அத்துமீறல் நேர்ந்தால் ஈடு செய்வதற்காக 15,000 லிவர் ஜாமீன் கட்டவேண்டும். கடற்படைத் தலைவரான அட்மிரலின் பத்திரம் கப்பலில் இருக்கவேண்டும். துரத்தும்போது எந்தக் கொடியைக் காட்டி ஏமாற்றினாலும், நிற்கச் சொல்லிப் பீரங்கி முழங்கும் கணத்தில் தன் தேசத்துக் கொடியே மேலே பறக்கவேண்டும் என்று 1696இல் ஓர் ஆணையும் பிறந்தது. பிடிபட்ட கப்பலின் காகிதங்களை ஒன்றுகூடக் கிழிக்காமல் பையிலிட்டு முத்திரை வைத்து, சரக்கறைகளின் மூடிகளுக்கும் முத்திரை வைத்து, கைதிகளோடு துறைமுகத்துக்குக் கொண்டுவரவேண்டும். அங்கே அட்மிரலின் அதிகாரிகள் இருதரப்பு மாலுமிகளையும் விசாரித்து வாக்குமூலம் எழுத, பாரிஸ் நகரத்திலிருந்த பறிமுதல் நியாயஸ்தலம் அதைப் படித்துப் பார்த்து, இது நியாயமான பறிமுதல்தான் என்று தீர்ப்பளித்த பிறகே ஒரு மூட்டையையாவது ஏலம் விடலாம்.

ஏலப் பணத்தில் முதலில் பத்தில் ஒரு பங்கு அட்மிரலுக்கு. செலவுகள் போக மிஞ்சியதில் மூன்றில் இரண்டு பங்கு கப்பலுக்கும் தீனிக்கும் ஆயுதத்துக்கும் பணம் போட்டவர்களுக்கு. மீதி ஒரு பங்கு தலைவன் முதல் சமையற்காரச் சிறுவன் வரையில் கப்பலில் உயிரைப் பணயம் வைத்த அத்தனை பேருக்கும். நம் கடற்கரை ஊர்களில் பிடித்த மீனை விற்று வள்ளத்துக்கு இத்தனை, வலைக்கு இத்தனை, ஆட்களுக்கு இத்தனை என்று பங்கு வைக்கும் முறையை அறிந்தவர்களுக்கு இந்தக் கணக்கு சட்டென்று விளங்கும். வித்தியாசமெல்லாம், இங்கே பிடிபட்டது மீனன்று என்பதே.

அந்த இரண்டு பங்கு எங்கே போயிற்று என்பதைக் காண விரும்புகிறவர்கள் மதிலை ஒட்டியுள்ள மகோன் குடும்பத்து மாளிகைக்குப் போகவேண்டும். 1725இல் கட்டிய வீடு. 1944இன் தீயில் தப்பிய சிலவற்றுள் ஒன்று. கட்டியவர் பிரான்சுவா-ஒகுஸ்த் மகோன் என்பவர், பிரெஞ்சு இந்தியக் கம்பெனியின் இயக்குநர்களில் ஒருவர், கொர்சேர் கப்பல்களின் முதலாளி. வாசலில் அலங்காரம் அதிகமில்லை. சாம்பல்நிறக் கருங்கல்லின் கனமும் அளவின் நேர்த்தியுமே போதும் என்று விட்டிருக்கிறார்கள். உள்ளே உயர்ந்த கணப்படுப்புகள், மரப்பலகை போர்த்திய அறைகள், சுவருக்குள் ஒளிந்து ஏறும் குறுகிய படிக்கட்டு. கீழே வளைவுக்கூரை தாங்கிய நிலவறைகளில் இறங்கினால், கல்லிலிருந்து ஈரமும் குளிரும் முகத்தில் வந்து படுகின்றன. மிளகும் துணியும் காப்பிக்கொட்டையும் இங்கே அடுக்கப்பட்டிருந்த காலத்தை மனம் தானாகவே கற்பனை செய்துகொள்கிறது. சேன் மாலோ வர்த்தகர்கள் இந்திய வியாபாரத்தின் ஏகபோக உரிமையையே சில ஆண்டுகள் தங்கள் கையில் வைத்திருந்தார்கள் என்பதையும் நினைவில் கொள்ளவேண்டும். என் அபிப்பிராயத்தில் கொர்சேர்களின் கதை கடலில் நடந்ததைவிட இத்தகைய வீடுகளில் நடந்ததே அதிகம். கத்தியைப் பல்லில் கடித்துக்கொண்டு பகைக்கப்பலில் தாவியவனைச் சித்திரக்காரர்கள் எழுதினார்கள். மெழுகுவர்த்தி வெளிச்சத்தில் பங்குதாரர்களின் பெயர்களைப் பேரேட்டில் எழுதிக்கொண்டிருந்தவனை யாரும் எழுதவில்லை.

இந்தப் பங்குக் கணக்கின் சிகரம் என்று 1711ஐச் சொல்லவேண்டும். இவ்வூரில் 1673இல் பிறந்த துகே-த்ரூவேன் என்னும் தளபதி, அரசன் கப்பல்களைக் கொடுக்க, வர்த்தகர்கள் செலவை ஏற்க, அட்லாண்டிக்கைக் கடந்து போர்ச்சுக்கல் வசமிருந்த ரியோ தெ ஜனைரோ நகரத்தையே பிடித்தார். பிடித்த ஊரை வைத்துக்கொள்ளவில்லை. 6,10,000 குருசாடோ பொற்பணமும், 100 பெட்டிச் சர்க்கரையும், 200 மாடுகளும் மீட்புத்தொகையாகப் பெற்றுக்கொண்டு ஊரைத் திருப்பிக் கொடுத்துவிட்டுக் கப்பலேறினார்.

அச்சமயம் இவ்வூரில் பிறந்த இன்னொரு பிள்ளைக்கு வயது பன்னிரண்டு. அந்தப் பிள்ளையின் பெயரை ஆனந்தரங்கப் பிள்ளையின் நாட்குறிப்பைப் படித்த நம்மவர்கள் நன்கறிவார்கள். மாயே தெ லாபூர்தொனே! ஈல் தெ பிரான்ஸ் என்று அந்நாளில் வழங்கிய மொரீஷியஸ் தீவின் கவர்னராயிருந்த அவர், இந்தியக் கம்பெனியின் வர்த்தகக் கப்பல்களுக்குப் பீரங்கி ஏற்றி, அரசனுடைய போர்க்கப்பல் ஒன்றையும் துணைகொண்டு, 1746 செப்டம்பரில் சென்னப்பட்டணத்தின்மேல் வந்து விழுந்தார். கோட்டை சில நாட்களில் சரணடைந்தது. 11 லட்சம் வராகன் மீட்புத்தொகை தந்தால் ஊரை ஆங்கிலேயருக்கே விட்டுவிடுவதாக அவர் ஒப்பந்தம் செய்துகொண்டதும், புதுச்சேரியில் கவர்னராயிருந்த டூப்ளே அதை ஏற்க மறுத்ததும், இருவரும் கடிதங்களால் போராடிக்கொண்டிருக்கும்போதே அக்டோபர் புயல் வந்து கப்பல்களைச் சிதறடித்ததும் நம் சரித்திரத்தில் பிரசித்தமான சம்பவங்கள். பட்டணத்தில் இதைப் படிக்கும்போது லாபூர்தொனே லஞ்சம் வாங்கிக்கொண்டார் என்ற குற்றச்சாட்டே முன்னே நிற்கும். அதற்காகவே அவர் பாஸ்தீய் சிறையில் கிடந்து, 1751இல் குற்றமற்றவர் என்று விடுதலையாகி, 1753இல் இறந்தார். சேன் மாலோவின் மதில்மேல் நின்று அதே சம்பவத்தை நினைத்துப் பார்த்தபோது எனக்கு வேறோர் எண்ணம் தோன்றியது. இராஜ்யம் அமைக்க வந்தவனுக்குப் பிடித்த ஊர் பூமி. இந்த ஊரில் பிறந்தவனுக்கோ பிடித்த ஊர் ஒரு பறிமுதல். விலை பேசி, ரொக்கம் வாங்கி, புயல் காலத்துக்கு முன் கப்பலேறிவிடுவதே அவர் பால்யத்திலிருந்து கண்ட முறை. சென்னைக் கடற்கரையில் அன்று மோதிக்கொண்டவை இரண்டு மனிதர்களின் கோபதாபம் மட்டுமல்ல, யுத்தத்தைப் பற்றிய இரண்டு கொள்கைகள் என்றே நான் கருதுகிறேன்.

மதிலை ஒட்டிய சிறு தோட்டத்தில் ரொபேர் சுர்கூப்பின் வெண்கலச் சிலை கடலைச் சுட்டிக் கைநீட்டி நிற்கிறது. 1773இல் இவ்வூரில் பிறந்து, வங்காள விரிகுடாவில் புகழடைந்தவர். அதிகாரப் பத்திரத்தின் மகிமையை அவருடைய முதல் வேட்டையைவிடத் தெளிவாகக் காட்டும் உதாரணம் வேறில்லை. 1795இல் அவர் எமிலி என்னும் சிறு கப்பலில் மொரீஷியஸை விட்டுப் புறப்பட்டபோது, கவர்னர் மலார்த்திக் அவருக்குப் பத்திரம் தர மறுத்துவிட்டார். செஷல்ஸ் தீவுகளுக்குப் போய் ஆமைகளை ஏற்றி வருவதற்கே அனுமதி. வழியில் ஆங்கிலப் போர்க்கப்பல்களைக் கண்டு கிழக்கே திரும்பிய அவர், கங்கையின் முகத்துவாரத்தை அடைந்து, கப்பல்களுக்கு வழிகாட்டும் படகு ஒன்றைப் பிடித்து அதில் ஏறிக்கொண்டார். 1796 ஜனவரி 29 அன்று பலேஸ்வரம் துறைக்கு எதிரே டிரைடன் என்னும் பெரிய ஆங்கிலக் கம்பெனிக் கப்பல் நங்கூரமிட்டு நின்றது. வழிகாட்டிதான் வருகிறான் என்று அவர்கள் சும்மா இருக்க, பாய்ச்சீலைகளுக்கும் தடுப்புகளுக்கும் பின்னால் ஒளிந்திருந்த இருபத்தைந்து பேர் அளவிலான கூட்டம் கிட்டச் சென்றதும் பாய்ந்து ஏறி, தன்னைப்போல் ஐந்தாறு மடங்கு ஆட்களைக் கொண்ட கப்பலைப் பிடித்துவிட்டது.

தீவுக்குத் திரும்பினார், ஜனங்கள் ஆரவாரித்தார்கள், நியாயஸ்தலம் ஆரவாரிக்கவில்லை. பத்திரமில்லாதவன் பிடித்தது பறிமுதலாகாது என்று கூறி, கப்பல்களையும் சரக்கையும் குடியேற்ற சர்க்காரே எடுத்துக்கொண்டது. சுர்கூப் பாரிஸுக்குப் போய் வழக்காடி, கடைசியில் வெகுமதி என்ற பெயரில் 6 லட்சம் லிவருக்கு மேற்பட்ட தொகையை மீட்டார். உரிமையாக அல்ல, வெகுமதியாக! அந்தப் பேதத்தில் இந்தத் தொழிலின் முழுத் தர்மமும் அடங்கியிருக்கிறது. அதே மனிதர், அதே கடல், அதே துணிச்சல். காகிதம் இல்லாததால் சட்டத்தின் பார்வையில் அவர் கொள்ளைக்காரருக்கு ஒரு சாண் தூரத்தில் நின்றார்.

அதன்பின் பத்திரத்தோடே போனார். 1800 அக்டோபர் 7 அன்று, கொன்பியான்ஸ் என்னும் வேகமான கப்பலில், தன்னைவிடப் பன்மடங்கு பெரிய கென்ட் என்னும் கம்பெனிக் கப்பலை எதிர்த்தார். தீப்பிடித்து அழிந்த குயீன் என்ற மற்றொரு கப்பலின் ஆட்களும் சேர்ந்து கென்டில் நானூறுக்கு மேற்பட்டவர்கள் இருந்தார்கள். கப்பலோடு கப்பல் உரசி நிற்க, கென்டின் தளத்தில் நடந்த கைச்சண்டையில் அதன் தலைவர் ரிவிங்டன் இறந்தார், கப்பல் பிடிபட்டது. மதிலின் கீழுள்ள கடைகளில் இந்தக் காட்சியை அச்சிட்ட அட்டைகளை இன்றும் விற்கிறார்கள்.

வீரத்தைக் குறைத்துப் பேச எனக்கு மனமில்லை. ஆயினும் அந்தச் சிலையின் அடியில் நின்றபோது வேறு இரண்டு விஷயங்களை விட்டு மனம் நகர மறுத்தது. ஒன்று, சுர்கூப் தம் இளமையில் அடிமை வியாபாரம் செய்தவர்; 1794இல் புரட்சி சர்க்கார் அடிமை முறையை ஒழித்த பிறகும் ஆப்பிரிக்கக் கரையிலிருந்து மனிதர்களை ஏற்றி வந்தவர். மற்றொன்று அரிசி. 1807இல் ரெவ்னான் என்ற கப்பலில் அவர் மறுபடியும் வங்காள விரிகுடாவுக்கு வந்து சில மாதங்களில் பிடித்தவற்றுள் பல, வங்காளத்து அரிசி மூட்டைகளை ஏற்றிய கப்பல்கள். ஆங்கிலக் கப்பற்படை சூழ்ந்திருந்த மொரீஷியஸில் அரிசிக்குத் தட்டுப்பாடு. ஆகையால் அங்கே அவர் இரட்சகராகக் கொண்டாடப்பட்டார். அந்தக் காலத்தை ஒட்டித்தான், 1805 முதல் 1807 வரை, சென்னை ராஜதானியிலும் பஞ்சம் வாட்டிற்று. பாரிஸ் நியாயஸ்தலத்தின் காகிதங்களில் அரிசி மூட்டை பகைவனின் சொத்து. அதை விளைவித்தவனும், கல்கத்தாவில் சுமந்து ஏற்றியவனும், லஸ்கர் என்ற பெயரில் அதே கப்பலில் பாய்மரம் ஏறிக் கைதியானவனும் எந்த அரசனுடைய யுத்தத்துக்கும் உரியவர்களல்லர்.

கடல் மறுபடியும் வற்றிய நேரத்தில், மதிலுக்கு வெளியே கிரான் பே என்னும் சிறு தீவுக்கு மணலில் நடந்தே போனேன். நீர் ஏறத் தொடங்கிவிட்டால் ஆறு மணி நேரம் அங்கேயே இருக்கவேண்டும் என்று பலகையில் எழுதி எச்சரித்திருக்கிறார்கள். தீவின் கடலோரத்தில், பெயர்கூடப் பொறிக்காத கல்லின் கீழ், ஷாதோபிரியான் என்ற பெரும் எழுத்தாளர் 1848 முதல் துயில்கிறார். அவருடைய தகப்பனாரும் இவ்வூரின் கப்பல் முதலாளி. கொர்சேர் கப்பல்களிலும் அடிமை வியாபாரத்திலும் பணம் சேர்த்து, 1761இல் கொம்பூர் கோட்டையை வாங்கி, இழந்த குடிப்பெருமையை மீட்டவர். அந்தக் கோட்டையின் தனிமையிலேதான் மகனுடைய கற்பனை வளர்ந்தது. பிரெஞ்சு இலக்கியத்துக்கு அது தந்த செல்வத்தைப் படித்து மகிழ்கிறவர்கள் அந்தக் கோட்டை எந்தப் பணத்தில் வந்தது என்பதையும் அறிந்திருக்கவேண்டும் என்பது என் எண்ணம்.

கடைசி நாள், சுர்கூப்பின் சமாதி இருக்கும் ரொகாபே மயானத்துக்குப் போனேன். மாலுமிகள் பலர் அங்கே அடக்கமாகியிருக்கிறார்கள். இந்த ஊர் மாலுமிகளில் எத்தனையோ பேருக்கோ அந்தப் பாக்கியமும் கிட்டவில்லை. பிடித்தவர்கள் பிடிபடவும் செய்தார்கள். பிடிபட்டவர்களைப் பாய்மரம் பிடுங்கிய பழைய போர்க்கப்பல்களில் அடைத்து, போர்ட்ஸ்மவுத், பிளிமத் துறைகளின் சேற்றில் ஆண்டுக்கணக்கில் வைத்திருந்தார்கள் ஆங்கிலேயர்கள். சுர்கூப்போடு கொன்பியான்ஸில் இருந்த லூயி கார்னெரே என்ற இளைஞர் 1806இல் வேறொரு கப்பலில் பிடிபட்டு, அந்தச் சிறைக்கப்பல்களில் எட்டு ஆண்டு கழித்தார். சித்திரம் எழுதத் தெரிந்ததால் பிழைத்தார் என்றே சொல்லலாம். அங்கே எழுதிய சித்திரங்களை விற்றுக் கொஞ்சம் நல்ல உணவு வாங்கிக்கொண்டார்.

மயானத்து வாசலில் உட்கார்ந்திருந்த வயோதிகர் ஒருவரோடு பேச்சுக் கொடுத்தேன். நியூபவுண்ட்லாந்துக் கடலில் காட் மீன் பிடித்து வாழ்க்கையைக் கழித்தவராம். நான் இந்தியாவின் எந்தப் பக்கம் என்று விசாரித்தார். புதுச்சேரிக்கு அருகே என்றதும் முகம் மலர்ந்தது. "சுர்கூப்பைப் பார்க்க வந்தீர்களா, ஐயா?" என்றார். "சுர்கூப்பையும் பார்க்கத்தான். ஆனால் அவருடைய கப்பலில் கை கால் இழந்தவன் கதி என்ன ஆயிற்று என்று தெரிந்துகொள்ள அதிக ஆவல்" என்றேன். அவர் சிறிது நேரம் என்னைப் பார்த்துவிட்டு, "நான் வாங்கும் ஓய்வூதியம் அந்தக் கொல்பேர் ஆரம்பித்த நிதியிலிருந்து வருவதுதான், ஐயா" என்றார்.

அவர் சொன்னது உண்மையே. ஊனமுற்ற மாலுமிகளுக்காகக் கொல்பேர் 1673ஐ ஒட்டித் தொடங்கிய ஏற்பாடு, பெயரும் உருவமும் மாறி, பிரெஞ்சு மாலுமிகளின் ஓய்வூதிய நிறுவனமாக இன்றும் நடக்கிறது. கொர்சேர்களின் காலத்தில், அட்மிரலும் முதலாளியும் தங்கள் பங்கை எடுத்ததுபோலவே, ஒவ்வொரு பறிமுதலின் ஏலப் பணத்திலிருந்தும் லிவருக்குச் சில தெனியே என்னும் சில்லறைக் காசு வீதம் இந்த நிதிக்காகப் பிடித்துக்கொண்டார்கள். 1856 ஏப்ரல் 16 அன்று பாரிஸில் கூடிய வல்லரசுகள் தனியார் கப்பல்களுக்கு யுத்த அதிகாரம் தரும் முறையை ஒழித்தபோது அந்த வருமானம் சட்டப்படி முடிந்தது. மாலுமியின் சம்பளத்திலிருந்தும் கப்பல் முதலாளியின் கையிலிருந்தும் நிதிக்குப் போகும் பங்கு இன்றுவரை போய்க்கொண்டிருக்கிறது.